தேவராஜ் அண்ணன் அறுத்த கட்டில் கால்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பேருந்தை விட்டு இறங்கி, கம்பெனி வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது தேவராஜ் அண்ணனின் மனைவி மல்லிகா அண்ணியின் போன் வந்தது. வேலைக்குப் போகும் நேரத்தில் அவர் எனக்குப் போன் செய்பவர் அல்ல.

"செல்வம், உங்க அண்ணன் போயிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆட்டோல ஏத்தினோம். போற வழியிலேயே…" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஜான்சி ஸ்கூல்ல கீறா. அவளுக்கு இன்னும் தெரியாது" என்றார்.

சாலை ஓரத்திலேயே நின்றுவிட்டேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. இத்தனை ஆண்டுகள் கூடவே வேலை செய்த மனிதர் இறந்துவிட்டார் என்பது எனக்குள் இறங்கவே இல்லை. அவர் மகள் ஜான்சிக்கு யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

நம் கம்பெனி ஸ்டோர்ஸ் பிரிவு தேவராஜை உங்கள் எல்லோருக்கும் தெரியும். யாராவது நாற்காலியில் உட்காரப் போனால், ஓடி வந்து அதன் முதுகைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப ஒக்காரு" என்பாரே, அவர்தான். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். எதற்கும் பயப்படுகிற மனிதர் என்றுதான் நாம் அவரை வைத்திருந்தோம். அவர் எதற்காகப் பயந்தார் என்பதை அருகில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அவருக்கும் அண்ணிக்கும் பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரி, கோயில் எல்லாம் அலைந்து முடித்த பிறகு, தத்தெடுக்கப் பதிவு செய்தார்கள். வீட்டைப் பார்த்து அறிக்கை எழுத ஒரு சமூகப் பணியாளர் வருவார் என்று தகவல் வந்தது. அன்றிலிருந்து அண்ணனுக்குத் தூக்கம் போனது. அயனம்பாக்கத்தில் மாடிப் போர்ஷன் அது. ஒரு ஹால், ஒரு அறை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பாய். "வர்ற மேடம், கொழந்தைய எங்க படுக்க வப்பேன்னு கேட்டா இன்னா சொல்றது நைனா?" என்று என்னைக் கேட்டார்.

நான்கு பக்கமும் சட்டம் வைத்த தொட்டில் கட்டிலுக்குக் கரையான்சாவடிக் கடைகளில் விலை விசாரித்துவிட்டு, முகம் தொங்கிப் போய்த் திரும்பினார். மறுநாள், வெளிநாட்டிலிருந்து இயந்திரம் வந்திறங்கிய மரப் பெட்டிகள் எங்கள் டெஸ்பாட்ச் பிரிவின் பின்னால் பிரித்துப் போடப்பட்டிருந்ததைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். "இதைக் குடுப்பாங்களா?" என்றார். வழக்கமாக விறகுக்குப் போகிற மரம். கேட்டதும் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் கிடைத்ததை எல்லாம் அவர் அள்ளவில்லை. ஒவ்வொரு பலகையையும் திருப்பி முத்திரையைப் பார்த்தார். பூச்சி வராமலிருக்கச் சில பெட்டிகளைச் சூட்டில் பதப்படுத்துவார்கள், சிலவற்றுக்கு மருந்துப் புகை போடுவார்கள் என்று போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துவைத்திருந்தார். மருந்து போட்டதைத் தொடவே இல்லை. "பல்லு மொளைக்கிற கொழந்த சட்டத்தைக் கடிக்கும்பா" என்றார். குழந்தை எங்கே இருக்கிறது, பிறந்துவிட்டதா என்றுகூடத் தெரியாத நாளில் சொன்னது இது.

அவர் தச்சர் இல்லை. ரம்பம் பிடித்து அறுக்கத் தெரியாது. மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பலகையை அழுத்திப் பிடிப்பேன், அவர் அறுப்பார். கோடு ஒரு பக்கம் போகும், ரம்பம் ஒரு பக்கம் போகும். பக்கத்து ஏரியின் காற்றில் மரத்தூள் கண்ணில் விழும். முதல் தொட்டில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. பிரித்துவிட்டு மறுபடி செய்தார். "நாலு காலையும் ஒண்ணா நிக்க வக்கிறதுதான் நைனா ஒலகத்திலேயே கஷ்டமான வேல" என்பார். சட்டங்களுக்கு நடுவே குழந்தையின் தலை மாட்டிக்கொள்ளுமோ என்ற பயம் தனி. வீட்டிலிருந்த ஒரு சின்ன டம்ளரை ஒவ்வொரு இடைவெளியிலும் நுழைத்துப் பார்த்தார். நுழைந்த இடத்தில் எல்லாம் இன்னொரு சட்டம் வந்தது. பிசிறு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க, அண்ணியின் நைலான் புடவையை மரத்தின் மேல் இழுத்துப் பார்ப்பார். புடவை எங்கே சிக்குகிறதோ அங்கே மறுபடி உப்புத்தாள்.

சமூகப் பணியாளர் வந்த அன்று என்னையும் இருக்கச் சொன்னார்கள். அந்த அம்மா தொட்டிலை ஒரு கையால் பிடித்து அசைத்தார். அது அசையவில்லை. "எங்கே வாங்கினீங்க?" என்று கேட்டார். "அவரே செஞ்சாருங்க" என்று அண்ணிதான் சொன்னார். அந்த அம்மா போன பிறகு பார்த்தால், அண்ணன் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

அறிக்கை நல்லபடியாகவே போனது. அதற்குப் பிறகுதான் காத்திருப்பு. கைக்குழந்தைக்குக் காத்திருப்பவர்களின் வரிசை நீளமாக இருந்தது. மழைக்காலம் வந்து போனது, கோடை வந்து போனது, மறுபடி மழை வந்தது. ஸ்டோர்ஸில் அவர் போன் அடித்தால் நாங்கள் எல்லோரும் தலையைத் தூக்குவோம். ஏதோ லோன் வேண்டுமா என்று கேட்கிற போனாக இருக்கும். அவர் வைத்துவிட்டு ஒன்றும் நடக்காதது போலப் பொருள்களை அடுக்குவார். வீட்டில் அந்தத் தொட்டில் காலியாகவே நின்றது. துணி மடித்து வைக்கக்கூட அண்ணி அதைப் பயன்படுத்தியதில்லை.

ஒரு ஞாயிறு காலை போனபோது, மொட்டைமாடியில் அவர் தொட்டிலின் ஸ்க்ரூக்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். சட்டங்கள் தரையில் வரிசையாகக் கிடந்தன. "இன்னாண்ணே, வேணாம்னு உட்டுட்டீங்களா?" என்றேன்.

"உடல நைனா. கொழந்த வயசை ஏத்தி எழுதிக் குடுத்துட்டோம். பெரிய பசங்களை யாரும் கேக்கறதில்லியாம். அவங்களும் காத்துகினுதானே கீறாங்க? தொட்டில் பத்தாது. கட்டில் வேணும்."

அந்தச் சட்டங்களோடு இன்னும் சில பெட்டிகளைப் பிரித்து ஒற்றைக் கட்டில் ஒன்று செய்தார். முழங்கால் உயரம், தலைமாட்டில் வளைவு. முடித்ததும் என்னைப் படுக்கச் சொன்னார். என் வயிற்றின் மேல் அரிசி மூட்டையை வைத்தார். பிறகு அவரும் ஓரத்தில் உட்கார்ந்தார். "தாங்குமா?" என்றார். "யானைய ஏத்துங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்து மூலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜான்சி வந்தபோது அவளுக்கு ஆறு வயது. ஒல்லியாக, ஒரு துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, பேரை மாற்றி வீட்டுக்குப் பொருத்தமாக ஒன்று வைக்கச் சொன்னார்கள். அண்ணன் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "அந்தப் பைய உட்டா அவ கொண்டாந்த சாமான் அது ஒண்ணுதான். அதையும் புடுங்கறதா?"

அவள் கட்டிலில் படுக்கவில்லை. வந்த நாளே அதைச் சுற்றிக்கொண்டு போய்க் கதவோரம் தரையில் சுருண்டாள். தூக்கிப் படுக்க வைத்தால் இறங்கிவிடுவாள். அழமாட்டாள், பேசமாட்டாள், பையை மட்டும் விடமாட்டாள். இப்படியே வாரங்கள் போயின. தத்தெடுப்பு உத்தரவு வரும்வரை சட்டப்படி அவள் அவர்களுடைய பிள்ளை ஆகமாட்டாள். அதற்குள் அந்தச் சமூகப் பணியாளர் அம்மா மறுபடி வந்து, குழந்தை ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். "தரையில படுக்குதுன்னு எழுதினா என்ன ஆகும்? திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுவாங்களா?" என்று அண்ணி என்னிடம் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? மாட்டார்கள் என்றுதான் சொன்னேன். வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் அதே கேள்வியை நான் கேட்டேன்.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் மிரட்டச் சொன்னார், ஒருவர் பொம்மை வாங்கித் தரச் சொன்னார். அண்ணனோ வேலை முடிந்து வந்ததும், அவள் சுருண்டிருக்கும் இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, தரையிலேயே உட்கார்ந்துகொள்வார். கூப்பிடமாட்டார். திரும்பிப் பார்க்கக்கூடமாட்டார். உப்புத்தாளை வைத்துக்கொண்டு ஏதோ ஒரு கட்டையைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிறு, கட்டிலைச் சாய்த்துப் போட்டு நான்கு கால்களையும் கழற்றி மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனார். என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு ரம்பத்தை எடுத்தார்.

"அண்ணே, அறுத்துட்டா மறுபடி ஒட்ட முடியாது" என்றேன்.

"குட்டையாப் பூட்டா செங்கல் வச்சு ஏத்திக்கலாம். அவ பூட்டா இன்னாத்த வச்சு ஏத்தறது?"

"கட்டிலுக்கு ஏன் பயப்படறான்னு அவகிட்ட கேட்டீங்களா?"

"காரணம் தெரிஞ்சாத்தான் அறுக்கணுமா? அதுக்கு ஒயரம் ஒத்துக்கல. அவ்ளோதான்."

அன்று கொஞ்சம் அறுத்தார். கட்டில் இறங்கியது. ஜான்சி பார்த்தாள், தொடவில்லை. அடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம். அன்று ரம்பச் சத்தம் கேட்டு மொட்டைமாடிக்கு ஏறி வந்து, கதவை ஒட்டி நின்றுகொண்டாள். அண்ணன் ரம்பத்தை நிறுத்தவும் இல்லை, அவளைப் பார்க்கவும் இல்லை. ஆனால் கோடு விலகி, அந்தக் கால் சாய்வாக வெட்டுப்பட்டது. அதற்கடுத்த வாரம் கட்டிலின் ஓரத்தில் கை வைத்திருந்தாள் என்று அண்ணி சொன்னார். படுப்பது மட்டும் தரைதான்.

கட்டில் கணுக்கால் உயரத்துக்கு வந்துவிட்ட ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் அந்த அம்மா வந்துவிட்டார். நான் செந்நீர்க்குப்பம் மரக்கடையிலிருந்து கட்டை வாங்கி வந்து அப்போதுதான் இறக்கியிருந்தேன். அறையெல்லாம் மரத்தூள். கட்டில் ஏதோ தரையில் புதைந்தது போல நின்றது. அவர் குனிந்து, கோணலாக வெட்டுப்பட்டு அடியில் மரச்சீவல் கொடுத்து ஒட்டியிருந்த காலைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுக்கு என்ன ஆச்சு? குழந்தை வந்த அன்னிக்கு எழுதினப்ப உயரமாத்தானே இருந்தது?"

அண்ணி அண்ணனைப் பார்த்தார். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அது ஆடாது. ஒக்காந்து பாருங்க."

ஜான்சிதான். அவ்வளவு நீளமாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை. அந்த அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, புடவையை ஒதுக்கிக்கொண்டு, அந்தக் குட்டைக் கட்டிலில் சிரமப்பட்டு உட்கார்ந்தார். முழங்கால் முகத்துக்கு வந்தது. "ஆமா, ஆடல" என்றார்.

அவர் கிளம்பிய பிறகு அண்ணன் படியில் போய் உட்கார்ந்து அழுதார். நானும் அண்ணியும் அவரை உள்ளே அழைத்து வந்தபோது ஜான்சி, அந்த அம்மா உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில், கட்டிலின் மேல் தூங்கிக்கொண்டிருந்தாள். பை மட்டும் தரையில் கிடந்தது. அண்ணி அதை எடுக்கப் போனார். அண்ணன் வேண்டாம் என்று கை காட்டினார்.

உத்தரவு வந்தது. கம்பெனியில் அவர் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். பிறகு ஜான்சிக்குப் படிக்கிற மேசை, புத்தக அலமாரி, அண்ணிக்கு அடுக்களையில் ஒரு முக்காலி என்று செய்துகொண்டே இருந்தார். எதுவும் கடையில் வாங்கியது போல அழகாக இருக்காது. கட்டிலையும் அவள் உயரத்துக்குத் தகுந்தபடி அவளாகக் கேட்டபோதெல்லாம் கட்டை கொடுத்து ஏற்றினார். ஆனால் பயம் மட்டும் அவரை விட்டுப் போகவே இல்லை. தினமும் காலையில் அவள் எழுந்து போனதும் கட்டிலின் மூலைகளை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். "இன்னாத்துக்குண்ணே இன்னும்?" என்று ஒரு தடவை கேட்டேன். "நல்லா கீறப்பவே பாத்துக்கணும் நைனா" என்றார். தன் நெஞ்சை மட்டும் அப்படிப் பார்த்துக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை.

இப்போது ஜான்சிக்குப் பன்னிரண்டு நடக்கிறது. பள்ளியிலிருந்து அவளை அழைத்து வந்தவர் அண்ணியின் தங்கை. எல்லாம் முடியும்வரை அவள் அழவில்லை, அண்ணியின் கையையும் விடவில்லை. காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு ஒரு மாலை அங்கே போனேன். அவள் பள்ளிச் சீருடையோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணி மேலே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, வந்ததிலிருந்து உள்ளே வரமாட்டேன் என்கிறாள் என்று சைகை காட்டினார். அவர் முகத்தில் பழைய பயம் முழுதாகத் திரும்பியிருந்தது. எனக்கும் அதே பயம்தான்.

ஆறுதல் சொல்ல வாய் எடுத்தேன். படிக்கணும்மா, அம்மாவைப் பார்த்துக்கணும்மா என்று சொல்லத்தான் வந்திருந்தேன். சொல்லவில்லை. அவளுக்குக் கொஞ்சம் கீழே, சுவரோரமாக உட்கார்ந்தேன். கூப்பிடவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. தெருவில் தண்ணீர் லாரி வந்து போனது. எதிர் வீட்டில் விளக்குப் போட்டார்கள்.

வெகுநேரம் கழித்து, "சித்தப்பா, டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

"குடிக்கிறேன்மா" என்றேன்.

அவள் எழுந்து உள்ளே போனாள். நண்பர்களே, தேவராஜ் அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது இதுதான்: பயத்தை வைத்துக்கொண்டே, கூப்பிடாமல், பக்கத்தில் உட்கார்ந்திருப்பது.