ஆபா கேட்ட ‘கைக்கு’

அந்த மோதிரம் உனக்கு ஏன் வேண்டும்? இப்படி ஒருவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அது கேள்வி என்பதே அப்போது எனக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகு எத்தனையோ பதில் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் நிற்கவில்லை.

நாங்கள் இருப்பது ஹைதராபாத் பக்கம் லாலாகுடாவில், ரயில் பட்டறைக்காரர்களின் குடியிருப்பில். என் வீட்டுக்காரர் பட்டறையில் ஃபிட்டர். கல்யாணமாகித் திருச்சியிலிருந்து வந்தவள் நான். பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தவள் என்று பெயர் உண்டு, ஆனாலும் இந்த ஊர்ப் பேச்சு இன்னும் நாக்கில் ஏறவில்லை. கொல்லையில் இடுப்பளவுச் சுவர். அந்தப் பக்கம் ரயில் கார்டு ஒருவரின் குடும்பம், தலைமுறை தலைமுறையாக ஹைதராபாத்துக்காரர்கள். அந்த வீட்டு அம்மாளை எல்லோரும் ஆபா என்பார்கள். அக்கா என்று அர்த்தமாம். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள். அவர் தெருவுக்கு வருவதில்லை. எங்கள் பழக்கமெல்லாம் அந்தச் சுவரோடுதான்.

என் பெண்ணுக்குப் பல் முளைத்த சமயம், என்ன செய்தும் அழுகை நிற்கவில்லை. ஆபா சுவருக்கு மேல் கையை நீட்டி, “முன்னி, ஆவ்” என்று கூப்பிட்டு வாங்கிக்கொண்டார். குழந்தை அவர் விரலிலிருந்த மோதிரத்தை இழுத்து வாயில் வைத்துக் கடித்தாள். உடனே அமைதியாகிவிட்டாள். அன்றைக்கு நான் சந்தோஷம்தான் பட்டேன். அதன் பிறகு பகலெல்லாம் அவள் ஆபாவிடம்தான்.

அது வெள்ளி மோதிரம். ஆபாவின் அண்ணன் தன் கையால் தட்டிச் செய்தது என்று என் வீட்டுக்காரர் பிறகு விசாரித்துச் சொன்னார். சரியான வட்டம்கூட இல்லை, சுத்தியல் பட்ட இடமெல்லாம் தெரியும். நடுவில் ஒரு ஃபிரோஸா கல். வேட்டிக்கு நீலம் போட்ட தண்ணீரில் கொஞ்சம் பால் விட்டால் வருமே, அந்த நிறம். அதன் குறுக்கே தலைமயிர் போல ஒரு கறுப்புக் கோடு. எங்கள் பக்கத்தில் வெள்ளியைக் காலில்தான் போடுவோம். என் விரலில் அப்பா போட்ட தங்க மோதிரம் இருக்கிறது. ஆனால் குழந்தை அதை ஒரு நாளும் தொட்டதில்லை.

அவள் முதன்முதலில் தெளிவாகச் சொன்ன வார்த்தை ‘ஆபா’. நான் தினமும் ‘அம்மா சொல்லு, அம்மா சொல்லு’ என்று கெஞ்சிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அடுத்தது ‘நக்கோ’. சாயங்காலம் தூக்கப் போனால் ஆபாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, என் கையைத் தள்ளி, “நக்கோ!” என்பாள். வேண்டாமாம். ஆபா சிரித்துக்கொண்டே முதுகைத் தட்டிக் கொடுப்பார். அந்தக் கையில் கல் மின்னும். எனக்கு வயிறு எரியும்.

குழாயடியில், பல வருஷமாக இங்கேயே இருக்கும் எதிர்வீட்டு அக்கா வேறு விடமாட்டார். “என்னடி, உன் பொண்ணுக்குத் தமிழே வராது போல. பேசாம சுவத்துக்கு அந்தப் பக்கமே தத்துக் குடுத்துடேன்.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குடத்தைப் பாதி நிறைந்தபடியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தக் கல்லில்தான் ஏதோ இருக்கிறது, அதே போல ஒன்று என் விரலில் இருந்தால் குழந்தை என்னிடம் வருவாள் என்று எப்போது முடிவு செய்தேனோ தெரியாது. ஒரு நாள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சுவரருகே போனேன். இதே மாதிரி எனக்கும் ஒன்று செய்து தரச் சொல்ல முடியுமா என்று கேட்கத்தான் போனேன். ‘இதே மாதிரி’ என்பதற்கு வார்த்தை வரவில்லை. மோதிரத்தைக் காட்டி, “ஆபா, யே மேரேகு ஹோனா” என்றேன். இது எனக்கு வேண்டும் என்றுதான் அதற்கு அர்த்தம்.

“கைக்கு?” என்றார் அவர்.

ஆபா தமிழ் பேசுகிறாரே என்று ஒரு நிமிஷம் பூரித்துப் போனேன். “கைக்குத்தான் ஆபா! காலுக்கு மெட்டி இருக்கே” என்று சொல்லி வலது கையை விரித்துக் காட்டினேன். குழந்தையின் தலையைத் தாங்கியிருந்த கை அது. காட்டியதும் அவள் முகம் தெரிந்தது. ஆபா என் கையைப் பார்த்தார், பிறகு குழந்தையை. அவர் முகம் மாறியது.

“ஹவ்” என்றார் மெதுவாக, சரி என்பது போல. உள்ளே போய் ஈரக் கையோடு திரும்பி வந்தார். சோப்புப் போட்டுக் கழற்றியிருக்க வேண்டும். மோதிரத்தை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். அவர் விரலில் அது இருந்த இடம் வெளுத்து வளையமாகத் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அதற்கான வார்த்தையைத்தான் என் மகள் தினமும் எனக்குச் சொல்லிக் கொடுக்கிறாளே. நான் சொல்லவில்லை.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “கைக்குன்னா ‘ஏன்’னு அர்த்தம்டி! ஏன் வேணும்னு அவங்க கேட்டிருக்காங்க. ஏன்னு கேட்டா ஏன்னே பதில் சொன்ன ஒரே ஆளு நீதான்.” பிறகு சிரிப்பு அடங்கி, “நாளைக்கே திருப்பிக் குடுத்துடு” என்றார்.

கொடுத்ததைத் திருப்பினால் மனம் நோவாரோ என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது. போட்டுக்கொண்டேன். குழந்தையின் கண்ணுக்கு முன்னால் ஆட்டிக் காட்டினேன். “நக்கோ” என்றாள். சுவர்ப் பக்கம் கையைக் காட்டினாள்.

ஆனால் அந்தப் பக்கம் இப்போது யாரும் கையை நீட்டவில்லை. ஆபா துணி உலர்த்த வருவார், என்னைப் பார்த்துத் தலையசைப்பார், குழந்தையின் பக்கம் திரும்பாமல் உள்ளே போய்விடுவார். இவள் சுவரைத் தட்டித் தட்டி “ஆபா, ஆபா” என்று கத்துவாள். ஒரு வழியாக என் பெண் முழுக்க என்னிடமே இருந்தாள், அழுதுகொண்டு.

காரணத்தை எதிர்வீட்டு அக்காதான் சொன்னார். என் விரலைப் பார்த்ததும், “ஃபிரோஸாவா? கண்ணு படாம இருக்க அவங்க போடறது ஆச்சே. யார் கண்ணு பட்டுச்சுன்னு வாங்கின?” என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஏன் என்று கேட்டவருக்கு நான் குழந்தையைக் காட்டியிருக்கிறேன். நாள் முழுக்க அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர் ஒருவர்தான். தன் கண்ணுக்குப் பயந்து தன் மோதிரத்தையே கேட்கிறாள் என்றுதானே நினைத்திருப்பார்? அப்படி நினைத்தும் கழற்றிக் கொடுத்திருக்கிறார்.

அக்கா கிட்ட வந்து உற்றுப் பார்த்தார். “அய்யய்யோ, பச்சையாயிட்டு வருதேடி. யாரோட கண்ணையோ கல்லு வாங்கிடுச்சுன்னா இப்படித்தான் நிறம் மாறும்பாங்க.”

உண்மைதான். ஓரத்திலிருந்து பச்சை ஏறிக்கொண்டிருந்தது. குழந்தைக்குத் தேய்க்கும் நல்லெண்ணெய், நான் பூசும் மஞ்சள், துணி சோப்பு எல்லாம் கல்லில் இறங்கியிருக்கும் என்று படித்த புத்தி சொல்கிறது. யாருடைய கண் என்று கேட்டால், அந்த வீட்டையே எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்த கண் என்னுடையதுதான் என்று இன்னொரு புத்தி சொல்கிறது. மோதிரத்தைக் கழற்றித் துடைத்து அரிசிப் பானையில் வைத்திருக்கிறேன். பச்சை போகவில்லை.

இப்போது என் சங்கடம் இதுதான். மோதிரத்தை வைத்துக்கொண்டால், ஆபாவின் கண்ணுக்கு நான் பயந்ததாகவே ஆகும். பச்சையாகிப் போன கல்லைத் திருப்பிக் கொடுத்தால், தன் கண் உண்மையாகவே பட்டுவிட்டது என்று அவர் நம்பிவிடுவார். பிறகு என் மகளை ஒருநாளும் தொடமாட்டார். நீங்கள் பொல்லாதவர் என்று நான் நினைக்கவில்லை, பொறாமைதான் பட்டேன் என்று சொல்லலாம். என் அரைகுறைப் பேச்சில் அது வேறு என்னவாகப் போய்ச் சேருமோ. வீட்டுக்காரரைக் கூட்டிப்போய்ச் சொல்லச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

இதைப் படிக்கும் சகோதரிகளில் அந்தப் பாஷை தெரிந்தவர்கள், இப்படி ஒரு கல்லை வைத்திருப்பவர்கள் யாராவது இருப்பீர்கள். பச்சை போக வழி உண்டா? இல்லை, இருக்கிற நிறத்திலேயே கொண்டுபோய்க் கொடுக்கலாமா? குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதா, தனியாகப் போவதா? அவர் மறுபடியும் “கைக்கு?” என்று கேட்டால் நான் என்ன சொல்ல வேண்டும்? தயவுசெய்து எழுதுங்கள். இவள் இப்போதும் சுவரைத் தட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.