அன்று காலையும் சிறுநீரகம் வேலை செய்தது

என் வீட்டுக்காரர் முனிராஜ் விழுந்துவிட்டார் என்று போன் வந்தபோது, நான் மீன் குஞ்சுப் பைகளுக்கு ரப்பர் வளையம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். கூடப் போன டெம்போக்காரர்தான் பேசினார். "அக்கா, ஏரிக்கரையில அண்ணன் நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்தாருங்க. அப்புறம் எந்திரிக்கவே இல்லீங்க." நான் தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உடம்பு வீட்டுக்கு வருமுன்னே இன்னொரு பேச்சு வந்துவிட்டது. "மெஷின்ல வச்ச கிட்னிதான் ஆளக் கொன்னுடுச்சு." சொன்னவர் அவருடைய சொந்த அண்ணன். இரண்டு வருடத்துக்கு முன் இவருக்கு மாற்றிவைத்த சிறுநீரகத்தைத்தான் அப்படிச் சொன்னார்.

அது பொய். பொய் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் அறையில் வாரம் மூன்று நாள் அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர்களே, இது உங்களுக்கு. முக்கியமாக மாதம்மாளுக்கு. அதே மாதிரி மெஷினில் வைத்த சிறுநீரகம் வந்தால் வாங்கிக்கொள்ளச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் அவள் பையில் கிடக்கிறது. இவர் போன நாளிலிருந்து அவள் அதை வெளியே எடுக்கவில்லை.

ஏரி, குளங்களுக்கு மீன் குஞ்சு கொண்டுபோய் விடுவது அவர் தொழில். பிளாஸ்டிக் பையில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன். சிலிண்டரிலிருந்து அடைத்து, வாயை முறுக்கிக் கட்டுவார். தண்ணீர் சூடானால் குஞ்சுக்கு மூச்சு அதிகம் வேண்டும். ஆனால் சூடான தண்ணீரில் காற்று குறைவாகத்தான் நிற்கும். அதனால் வெயில் ஏறுமுன் கிளம்பிவிடுவார்.

ஒரு வருடம் நல்லம்பள்ளிப் பக்கம் ஓர் ஏரியில், முதல் பையை ஊர்த்தலைவர் கையால்தான் அவிழ்க்க வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். தலைவர் வர வேண்டும், மாலை வர வேண்டும், போட்டோக்காரர் வர வேண்டும். பைகளை வெயிலில் அடுக்கிவைத்தார்கள். இவரும் மரியாதைக்கு வாய் திறக்காமல் நின்றார். தலைவர் பையை அவிழ்த்தபோது குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அன்று முழுக்க அவர் சோறு தொடவில்லை. "பேச வேண்டிய எடத்துல பேசாம நின்னுட்டேன்டி" என்றார்.

அடுத்த வருடம் அதே ஏரி. மாலை இன்னும் வரவில்லை என்றார்கள். "மாலைக்கு ஒண்ணும் ஆவாதுங்க, அது நாளைக்கும் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே பையை அறுத்துவிட்டார். தலைவர் வந்தபோது குஞ்சுகள் நடு ஏரிக்குப் போயிருந்தன. வெறும் தண்ணீரைத்தான் போட்டோ எடுத்தார்கள்.

அப்புறம் அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், மூன்று வருடம் டயாலிசிஸில் ஓடியது. மாற்றிவைக்கச் சிறுநீரகம் இருக்கிறது என்று வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரி கூப்பிட்டபோது டாக்டர் மறைக்காமல் சொன்னார். கொடுத்தவர் வயதானவர், வேறு இடங்களில் வேண்டாம் என்றுவிட்டார்கள், அதனால் புது மெஷினில் உடம்புச் சூட்டிலேயே வைத்துப் பார்க்கிறோம் என்றார். ஐஸில் வைத்தால் அது தூங்குமாம், மூச்சும் அதிகம் கேட்காதாம். சூட்டில் விழித்துக்கொண்டு வேலை செய்யுமாம். செய்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாமாம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவர் எழுந்து உட்கார்ந்தார்.

"சூட்டுல வச்சா மூச்சு நெறைய வேணுமுங்களே சார். வெறும் தண்ணியில அவ்ளோ காத்து கரையாதே?"

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "கரையாது. அதனால்தான் ரத்தத்தில் இருக்கிற சிவப்பு அணுக்களைச் சேர்த்து ஓட விடுகிறோம். ஆக்சிஜனை அவைதான் சுமந்துகொண்டு போகும்."

"காத்து மிஞ்சிப்போனா?"

"அதுவும் கெடுதல்தான். அடிக்கடி சோதித்து, கூட்டிக் குறைப்போம்."

"பாதியில கரெண்டு போனா?"

"பேட்டரி இருக்கு. அதுவும் போனால் உடனே ஐஸுக்கு மாற்றிவிடுவோம். நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்?"

"மீன் குஞ்சுங்க சார்."

டாக்டர் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, மெஷினில் அது சிறுநீர் பிரித்துவிட்டது என்றார். வெளியே அண்ணன் மறித்துக்கொண்டு நின்றார். "அடுத்தவன் வேணாம்னு தள்ளுனத ஒந்தலையில கட்டறாங்கடா." இவர் என்னைக் காட்டினார். "ரெண்டு எடத்துல பொண்ணு வூட்டுக்காரங்க என்னையும்தான் தள்ளுனாங்க. இவ எடுத்துக்கலியா?"

மூன்று வருடம் கால் டம்ளர், கால் டம்ளராகத் தண்ணீரை அளந்து குடித்தவர் அவர். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் நாள் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தார். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அதன்பிறகு இரண்டு வருடம் மறுபடியும் சிலிண்டர் தூக்கினார். காலையில் எழுந்ததும் கோடு போட்ட ஜக்கில் சிறுநீரை அளந்து, காலண்டர் தாளின் ஓரத்தில் எழுதுவார். "நம்ம மெஷினு ஓடுதுடி" என்பார்.

காரியத்தன்று அண்ணன் எல்லார் முன்னாலும் அதே பேச்சை எடுத்தார். மாதம்மாள் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பேச வேண்டிய இடம் இது என்று எழுந்தேன். "மாமா, கிட்னி நல்லா இருந்துச்சுன்னு டாக்டர் சொன்னாருங்க. கடைசியா எடுத்த ரத்தப் பரிசோதனையிலயும் அப்புடித்தான் இருக்குது. மூணு வருசம் டயாலிசிஸ்ல இழுத்ததுல நெஞ்சுதான் களைச்சுப் போச்சு. இவரத் தின்னது காத்திருந்த காலமுங்க, அந்தக் கிட்னி இல்லீங்க." தாலி அறுத்தவளுக்கு வாயைப் பார் என்று யாரோ சொன்னார்கள். சொல்லட்டும்.

ஓரகத்தி அந்த ஜக்கைத் தூக்கிக் குப்பையில் போடப் போனாள். "இதப் போயி வூட்டுல வெப்பாங்களா?" கையிலிருந்து பிடுங்கிக் கழுவி அலமாரியில் வைத்தேன். அங்கேதான் இருக்கிறது.

மாதம்மா, எல்லோருக்கும் அது பிழைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு அது தெரியாது. டாக்டரிடம் கேள், இவர் கேட்ட மாதிரி குடைந்து குடைந்து கேள். இவர் செத்ததைச் சாக்காக மட்டும் வைக்காதே. அவர் வெளியே கிளம்புமுன் எழுதிய காலண்டர் தாளை நான் கிழிக்கவில்லை. அன்று காலை ஜக்கில் எந்தக் கோடு வரை நின்றது என்று அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. முந்தின நாளைவிடக் குறையவில்லை. அவர் கையால் எழுதியதில் என்னிடம் மிச்சம் இருப்பது அந்தத் தாள்தான். பைக்குக் கட்டுகிற ரப்பர் வளையத்தில் அவர் மாட்டிய பேனாவும் பக்கத்திலேயே தொங்குகிறது. உன் பையில் கிடக்கிற அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வா.