சாகும் காட்சிக்கு ஒரே ஒரு டேக்

ஏழு வயதில் அவளுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த நாளிலிருந்து சொந்தபந்தம் மொத்தமும் டாக்டராகிவிட்டது. "மிட்டாயா தின்னிருப்பா" என்றாள் சித்தி, தன் பிள்ளையின் வாயில் மிட்டாயைத் திணித்துக்கொண்டே. "ஊசியெல்லாம் பழக்கிடாதீங்க, அப்புறம் விடாது" என்றார் பெரியப்பா. உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோச்சு, ஊசியை விட்டால் பிள்ளை இருக்காது என்று அம்மா ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்தாள். பெரியப்பா பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, ஏதோ வேரை இடித்துக் குடிக்கச் சொன்னார். தன் வேரால்தான் அவள் இன்றும் உயிரோடு இருக்கிறாள் என்பது அவருடைய நம்பிக்கை. வேர் என்னவோ தொட்டிச் செடிக்குத்தான் போனது.

வளர்ந்து டப்பிங் கலைஞரானாள். கலைஞர் என்பதெல்லாம் மரியாதைக்கு. கூட்டத்தில் ஒருத்தியாக "ஐயோ" என்று அலறுவதும், ஏதாவது ஒரு நர்ஸுக்காக "டாக்டர் வர்றார்" என்று சொல்வதும்தான் வருடக்கணக்கில் அவள் செய்த கலை. ஸ்டுடியோவில் அவள் பெயரே 'கும்பல்'. ஊசி விஷயம் அங்கே யாருக்கும் தெரியாது. முன்பு வேறோர் இடத்தில் வாய்தவறிச் சொன்னதற்கு, "பாவம், நீ ரெஸ்ட் எடும்மா" என்று நிரந்தரமாகவே ரெஸ்ட் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவு இரக்கம்.

ஒருவழியாக ஒரு கதாநாயகிக்குக் குரல் கொடுக்கும் வாய்ப்பு வந்தது. முதலில் சாகும் காட்சியைப் பேசிக் காட்ட வேண்டும். டைரக்டருக்குப் பிடித்தால் முழுப்படமும் அவளுக்கு. இல்லாவிட்டால் மறுபடியும் கும்பல்.

அன்று மதியம் கழிப்பறையில் ஒளிந்து ஊசி போட்டுக்கொண்டு வந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். டைரக்டர் எட்டிப் பார்த்தார்.

"ஒரே ஒரு டேக்மா. முடிச்சிட்டு நிம்மதியா சாப்பிடலாம்."

அந்தத் தொழிலில் 'ஒரே ஒரு டேக்' என்றால் பொழுது சாய்ந்துவிடும் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஊசி போட்டாயிற்று, சாப்பிடாமல் நின்றால் சர்க்கரை இறங்கிவிடும் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொன்னால் வாய்ப்பு போய்விடுமே. டப்பாவை மூடிவிட்டுப் போனாள். மைக் இருக்கும் அறைக்குள் போன் கூடாது. மிட்டாயும் கூடாது, வாய் பிசுபிசுத்தால் அந்தச் சத்தமும் பதிவாகிவிடும். சர்க்கரையை அளக்க அவள் சட்டைக்குள் கையில் ஒட்டியிருந்த சென்சார், அளவு இறங்கினால் போனைக் கத்தவைக்கும். அந்தப் போன் வெளியே சவுண்ட் இன்ஜினியர் மேசையில் கிடந்தது.

மூன்று முறை பேசியும் டைரக்டருக்குத் திருப்தியில்லை. நான்காவது முறை முழங்கால் நடுங்கியது. வேர்த்துக் கொட்டியது. திரையில் இருந்த கதாநாயகி இரண்டு பேரானாள். நாக்கு சொன்ன பேச்சைக் கேட்காமல் குழறியது. வெளியே போன் கத்தோ கத்தென்று கத்தியது. இன்ஜினியர் தொழில்பக்தி உள்ள மனிதர். உள்ளே இவ்வளவு உருக்கமாகப் போகும்போது எவன் வீட்டு அலாரமோ என்று அதை அணைத்துவிட்டார்.

"இதுதாம்மா நடிப்பு" என்று டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, கைப்பையில் இருந்த குளுக்கோஸை வாயில் கொட்டிக்கொண்டாள்.

"தொண்டைக்கா?" என்றார் டைரக்டர்.

"ஆமா சார்."

ஒரு வார்த்தை தெளிவாக இல்லை என்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பேசச் சொன்னார். இப்போது உடம்பில் தெம்பு வந்திருந்தது. இத்தனை வருடம் கற்ற வித்தை அத்தனையையும் இறக்கினாள். டைரக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"ஃபீல் வரலம்மா. முன்னாடி பேசினதே இருக்கட்டும்."

படம் கிடைத்துவிட்டது. சந்தோஷப்படுவதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

படம் வெளியானதும் அம்மாவைத் தியேட்டருக்கு அழைத்துப் போனாள். சாகும் காட்சியில் அரங்கமே மூக்கை உறிஞ்சியது. பின்வரிசையில் ஒருவர் "என்னா குரல்ப்பா" என்றார். பூரித்துப்போய் அம்மா பக்கம் திரும்பினாள்.

அம்மா அழவில்லை. திரையைப் பார்க்கவும் இல்லை. இருட்டில் பையைத் துழாவிச் சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துப் பாதி பிரித்துவிட்டிருந்தாள். மகள் பக்கத்தில் திடமாக உட்கார்ந்திருப்பது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

"நடிப்பும்மா அது" என்றாள் மகள்.

அம்மா அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"அன்னைக்கு சுகர் எவ்வளவு இருந்துச்சு?"