அட்டையில் ஒட்டிய கரடி

பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டைகளை மேசையில் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்துத் திருப்பி அனுப்புவேன். அந்தப் புத்தியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுகிறேன் என்று என் வீட்டுக்காரர் அடிக்கடி புலம்புவார். ஆனால் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவர் செய்துகொண்டு வந்த காரியத்தைப் பார்த்தபோது, எந்தக் குறையை முதலில் சொல்வதென்றே எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் மகளுக்குப் பிறந்தநாள், ஏழு வயது முடிகிறது. கடைக் கேக்கும் பலூன் வளைவும் வேண்டாம், தன் கரடிப் புத்தகத்தில் வருகிற காடு மாதிரி வீட்டிலேயே வேஷம் போட்டுக் கொண்டாடலாம் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். சின்னப் படக்கதைப் புத்தகம்தான். எப்போதும் தூங்குகிற ஒரு கரடி. காட்டு மிருகங்கள் ஒவ்வொன்றாக வந்து அதன் காதில் தங்கள் கதையைச் சொல்லும். கரடி அசையாது. கடைசிப் பக்கத்தில் மட்டும் கண்ணைத் திறந்து, “நீங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்” என்று சொல்லும். தினமும் படித்துக் காட்டி எனக்குச் சலித்தே போயிருந்தது. அவளுக்கு மட்டும் அந்தக் கடைசிப் பக்கம் வரும்போதெல்லாம் புதிதாக ஏதோ நடப்பது போல முகம் மலரும்.

நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் எங்கள் காம்பவுண்டில் இருக்கும் பிள்ளைகள்தான் விருந்தாளிகள். மிச்சத் துணியில் அணில் வாலும் முயல் காதும் தைத்து வைத்தேன். முகமூடிகள் என் வீட்டுக்காரர் பொறுப்பு, அதற்காகப் புத்தகமும் அவரிடம் போயிருந்தது. குக்கரில் ஒரு கேக் செய்து பார்த்தேன், நடுவில் குழி விழுந்தது. குழியில் கிரீமை நிரப்பினால் யாருக்குத் தெரியப்போகிறது?

கரடி யார் என்ற கேள்வியே எழவில்லை. “தூங்கறதுக்கு அப்பாதானுங்க சரி” என்றாள் மகள். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். வேறொரு கம்பெனியில் அவர் பேட்டர்ன் மாஸ்டர். ஷிப்மென்ட் நெருங்கினால் மனிதர் வீட்டுக்கு வருவதே தூங்கத்தான். ஞாயிற்றுக்கிழமை அவரை எழுப்புவதற்கு நான் பட்ட பாட்டை எழுதினால் அதுவே தனிப் புத்தகம் ஆகும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பாலிதீன் கவரோடு வந்தார். உள்ளே மான், நரி, முயல், அணில் என்று முகமூடிகள். ஒவ்வொன்றும் புத்தகத்தில் இருந்தபடியே, மூக்கு நுனி கூடப் பிசகாமல். சந்தோஷத்தில் அவரைப் பாராட்டக்கூடச் செய்தேன். பிறகு கவரின் அடியில் கை விட்டேன். மகளின் புத்தகம் வந்தது. ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கி, தாள் தாளாக. ஒவ்வொரு தாளிலும் நடுவில் ஒரு மிருகத்தின் வடிவத்தில் ஓட்டை.

“ஏனுங்க, இதென்ன பண்ணி வெச்சிருக்கறீங்க?”

“பிரிக்காம எப்படிப் புள்ள பேட்டர்ன் எடுக்கறது?” என்றார், நான்தான் ஏதோ தெரியாமல் கேட்கிறேன் என்பது போல.

அவருடைய தொழில் அப்படி. வெளிநாட்டிலிருந்து ஒரிஜினல் சட்டை வந்தால் முதல் வேலை அதைத் தையல் தையலாகப் பிரிப்பது. துண்டுகளை மேசையில் விரித்து, அட்டையில் வைத்து அளவெடுத்து, அதே போல நூறாயிரம் சட்டை வெட்டுவார்கள். பிரித்த ஒரிஜினலை யாரும் திரும்பப் போட்டுக்கொள்வதில்லை.

“ஜெராக்ஸ் எடுத்திருக்கலாமுல்லீங்க?”

“ஜெராக்ஸ்ல அளவு மாறிருமுல்ல.”

எல்லாவற்றையும் விடப் பெரியது கரடி. அதை வெட்டி, கெட்டியாக இருக்கட்டும் என்று பசை தடவி அட்டையில் ஒட்டியிருந்தார். அந்தத் தாளின் பின்புறம்தான் கடைசிப் பக்கம். கரடி பேசுகிற ஒரே வரி பசைக்குள் போய்விட்டது.

விளையாடப் போயிருந்த மகள் உள்ளே வந்தாள். தாள்களைப் பார்த்தாள், அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். வீடே அதிரும்படி அழப்போகிறாள் என்று நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். அழவில்லை.

“அப்பா, நீங்க இதப் படிச்சீங்களா?”

“எதைக் கண்ணு?”

“படிக்கறதுக்குத்தானுங்க குடுத்தேன். கரடி என்ன சொல்லும்னு உங்களுக்குத் தெரியோணுமுல்ல.”

புத்தகத்தை அவரே கேட்டு வாங்கிப் போனார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இவளே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள், அவர் படிப்பார் என்று. அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். உட்கார்ந்து அட்டையிலிருந்து கரடியை நகத்தால் உரிக்கப் பார்த்தார், தாள் கிழிந்துகொண்டு வந்தது. “உடுங்கப்பா, நானே சொல்லித் தர்றேன்” என்று அவர் மடியில் ஏறி அந்த வரியைச் சொல்லிக் கொடுத்தாள். அவர் பள்ளிக்கூடத்துப் பையன் போலத் திருப்பிச் சொன்னார். நான் ஓட்டை விழுந்த தாள்களைப் பொறுக்கி அடுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காடு தயார். கம்பளி மாதிரி மெத்தென்று இருக்கும் பழுப்பு நிறப் பிளீஸ் துணியைப் போர்த்திக்கொண்டு அவர் ஹாலில் படுத்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து காதில் சொன்னார்கள். அணில் வேஷம் போட்ட பக்கத்து வீட்டு வடக்கத்திப் பெண் இந்தியில் ஏதோ நீளமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அப்போது குறட்டை கேட்டது. பிரமாதமான நடிப்பு என்று பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கு அந்தக் குறட்டையைத் தெரியும். அது நடிப்பில்லை.

கடைசியாக மகள் போனாள். காதில் ஏதோ சொன்னாள். பிறகு காத்திருந்தாள். அறை முழுக்கக் காத்திருந்தது. “நீங்கள் சொன்னதையெல்லாம்...” என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தாள். அவர் அசையவில்லை. எனக்கு எட்டி ஒரு உதை விடலாமா என்றிருந்தது. உலுக்குவதற்குக் குனிந்தேன். மகள் என் கையைப் பிடித்துத் தள்ளினாள்.

“கரடி கேட்டுட்டேதானுங்க இருக்குது” என்று எல்லோரிடமும் சொன்னாள். “வாங்க, கேக் வெட்டலாம்.”

பிள்ளைகள் கேக்கைப் பார்த்து ஓடினார்கள். வெட்டி முடிந்ததும் நான் அவளைச் சமையலறைக்கு இழுத்துப் போய், “கோவமா இல்லியா கண்ணு?” என்று கேட்டேன்.

கத்தியில் ஒட்டியிருந்த கிரீமை அவள் விரலால் வழித்துக்கொண்டிருந்தாள். “ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அப்பா தூங்கறப்ப நான் பள்ளிக்கூடத்துல நடந்ததெல்லாம் காதுல சொல்லுவேனுங்கம்மா” என்றாள். “அதெல்லாம் அவருக்குக் கேக்குமுல்லீங்க?”

ஹாலில் குறட்டை நிற்கவில்லை. செக்கிங் மேசையில் இத்தனை வருஷத்தில் ஒரு சின்ன ஓட்டையைக்கூட நான் சரி என்று விட்டதில்லை.

“கேக்கும் சாமி” என்றேன்.