டர்போ ஹோஸும் நான் கட்டிய எலுமிச்சம்பழமும்

மகளின் பட்டமளிப்புக்கு முந்தின நாள் மதியம், கோலா சுங்கை பாருவில் எங்கள் வீட்டுக்குப் போகும் வழியிலுள்ள மேட்டில் என் டீசல் காடி ஏற மறுத்தது. மிதித்தால் 'உஸ்ஸ்' என்று சீறியது. பின்னால் கறுப்புப் புகை. ஒரு கிழவர் சைக்கிளில் என்னைத் தாண்டிப் போனார். போகிற போக்கில் பரிதாபமாகத் திரும்பியும் பார்த்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மகள் டுரியான் துங்கால் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்க வேண்டும். "என் காடி போதும், யாரும் வர வேண்டாம்" என்று மனைவியின் அண்ணனான மச்சானிடம் மார் தட்டியிருந்தேன். மகளும், "நாலு வருசமா இதுலதானே கொண்டு விட்டீங்க, நாளைக்கும் இதுலதான் போகணும்" என்று சொல்லியிருந்தாள்.

ஊர்ந்து வீட்டுக்கு வந்ததும் காடி பழுதுபார்க்கும் போர்மேன் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் குடும்பத்தோடு கிளேபாங் கடற்கரையில் இருந்தார்.

"அண்ணே, காடி செத்துப்போச்சு!"

"செத்த காடியில எப்படிடா வீட்டுக்கு வந்த? டர்போ ஹோஸ் கிழிஞ்சிருக்கும்லா. சூடு ஆறட்டும், பானட்டத் திறந்து பாரு. ரெண்டு கிளாம்ப்தான், நீயே மாத்தலாம். நான் திங்கக்கிழமதான் வருவேன்."

மனைவி கைப்பேசியைத் தூக்கிக் காட்டினாள். "ஆறு மணி வரைக்கும் டைம். அப்புறம் எங்கண்ணன்தான்."

அதற்கு எஞ்சினுக்குள் நானே படுத்துக்கொள்ளலாம். சட்டையைக் கழற்றினேன்.

டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் அந்த ரப்பர் குழாய் முன்பக்கமாக வளைந்து வருகிறது. விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதன் மேலேயே இறுக்கிச் சுற்றிய ஒரு கம்பி. கம்பியின் நுனியில் கறுத்துச் சுருங்கிய எலுமிச்சம்பழம், மூன்று மிளகாய்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இது யாரு கட்டுனது?"

நான்தான். சென்ற ஆண்டு மச்சான் காடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லா ஓடுதே" என்றார். அன்று மாலையே திருஷ்டிக்காகக் கட்டினேன். வெளியே தொங்கினால் மகள் சிரிப்பாளே என்று உள்ளே கைக்கு எட்டிய குழாயில் கட்டினேன். நூல் அறுந்துவிடுமே என்று கம்பி போட்டேன். மச்சான் கண் ஒன்றும் செய்யவில்லை. என் கம்பி ஆடி ஆடி ரப்பரை அறுத்துவிட்டது.

"எங்கண்ணன் மேல பழி வேற!" என்றாள். அன்று முழுவதும் அவளுக்கு அதுவே பலகாரம்.

கிழிந்த குழாயைக் கழற்றி, மோட்டார் சைக்கிளில் ஸ்பேர் பார்ட் கடைக்குக் கொண்டுபோய், அதே வளைவில் புதியது வாங்கி வந்தேன். மேல் கிளாம்ப் சாதுவாக உட்கார்ந்தது. கீழ் கிளாம்பின் திருகு கைநழுவி உள்ளே எங்கோ விழுந்தது. "எல்லாம் முடிஞ்சுபோச்சு!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக் கோழிகூட ஓடியது. மனைவி ஐஸ்பெட்டிக் கதவிலிருந்த காந்தத்தைப் பிடுங்கி, துடைப்பக் குச்சியில் கட்டிக் கொடுத்தாள். நான்காவது முயற்சியில் திருகு ஒட்டிக்கொண்டு வந்தது. முழங்கையில் தோல் போனது, விடவில்லை. இறுக்கி, இழுத்துப் பார்த்து, மறுபடி இறுக்கினேன். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. எஞ்சினை உறுமவிட்டேன். சீறல் இல்லை.

காலையில் மகள் பட்டு உடுத்தி, அங்கியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். காடியை நகர்த்தினேன். 'புஸ்ஸ்!' என் கால் பிரேக்கில் பாய்ந்தது.

"டயருக்கு அடியில நான் வெச்ச எலுமிச்சம்பழம்" என்றாள் மனைவி. "பழம் வைக்கிற எடம் அதுதான்."

அதே மேடு, மறுபக்கத்து ஏற்றமாக வந்தது. ரேடியோவை அணைத்தேன். மிதித்தேன். காடி முனகாமல் ஏறிச் சமதளத்துக்கு வந்து, வேகம் பிடித்தது.

பின்னாலிருந்து மகள் என் தோளைத் தட்டினாள்.

"ஏறிடுச்சுப்பா. மூச்சு விடுங்க."