ஓம் சொல்லாத டயர்

சைக்கிள் கடைக் கதிராமன், ஒரு சக்கரத்துக்குக் காற்றடிக்கும் முன், பழைய டயர் ஒன்றை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வீதிக்கு வருவார். துறைமுகப் பக்கம் திரும்பி, "டயர்! டயர்!" என்று குரல் கொடுப்பார். வீதி முடிவில், மணல்மூட்டை அடுக்கிய சென்ரிக் காவலரணில் நிற்கும் சிப்பாய் ஒரு கையை உயர்த்துவான். பிறகுதான் கடைக்குள் போய்ப் பம்பைத் தொடுவார். அவர் கூப்பிடுவது தமிழா சிங்களமா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. இரண்டு பாசைக்கும் அந்தச் சொல் பொது.

இது என்ன கூத்து என்று சிரித்துவிட வேண்டாம். போன வருசம் அவர் கடையில் ஒரு டயர் படாரென்று வெடித்தது. எங்கிருந்து வந்த சத்தம் என்று யார் நின்று விசாரிப்பார்கள்? சென்ரிப் பக்கமிருந்து துவக்குவெடி விழுந்தது. வீதியில் பேக்கரிப் பாண் விற்றுக்கொண்டு போன பாண்காரருக்குத் தோளில் பட்டது. அந்த மனுசன் இன்றைக்கும் இடது கையால்தான் பாண் எடுத்துக் கொடுக்கிறார். கதிராமன் அடுத்த நாள் காலையில் டயரைத் தூக்கிக்கொண்டு வீதியில் வந்து நின்றார், அவ்வளவுதான்.

ஆள் ஒல்லி. இடது காது மந்தம். அதனால் வலது கன்னத்தை டயரோடு ஒட்டிக் கேட்பார், டாக்குத்தர் நெஞ்சில் காது வைக்கிறதுபோல. டயரோடு கதையும் உண்டு. "என்ன, கோவமோ? கொஞ்சம் பொறு" என்பார். வாடிக்கைக்காரருக்கு இவ்வளவு மரியாதை கிடையாது. கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே போத்தல் தேங்காயெண்ணெய்தான். இறுகிப்போன நட்டுக்கும் அதுவே, தன் தலைக்கும் அதுவே, பிள்ளையார் படத்துக்கு முன்னால் உள்ள விளக்குக்கும் அதுவே. "எண்ணெய் பட்டா எந்தச் சாமானும் சொல்லுக் கேக்கும்" என்பது அவர் கட்சி.

அந்தக் கட்சியைக் கவிழ்க்க வந்தது ஒரு மலைச் சைக்கிள். மறுபடி சண்டை மூண்டபோது தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர், அதைப் பிள்ளைப்பேறு பார்க்கும் மிட்வைஃப் பூரணியிடம் விட்டுப் போனார். தடித்த டயர், உள்ளே டியூப் கிடையாது. டயரின் விளிம்பு ரிம்மைக் கவ்விப் பிடித்தால்தான் காற்று நிற்கும். சின்ன ஓட்டைகளை அடைக்க உள்ளே பால்போல ஒரு வெள்ளைத் திரவம்.

"குடல் இல்லாத சாமான், பிள்ளை" என்றார் கதிராமன். "இந்த அளவில டியூப் போடுவமெண்டாலும் கொழும்பில இருந்துதான் வரவேணும். சண்டையில பாதை பூட்டிக் கிடக்கு."

காற்றடிக்கும்போது அந்த விளிம்பு ஒரு பக்கம் 'டக்' என்று ஏறி உட்காரும், பிறகு மற்றப் பக்கம். இதைத்தான் டயர் ஓம் சொல்கிறது, சம்மதிக்கிறது, என்பார் அவர். "ஒரு பக்கம் ஓம் சொல்லிப்போட்டுது. மற்றது இன்னும் யோசிக்குது." யோசிக்கிற பக்கத்துக்குப் போத்தலிலிருந்து கொஞ்சம் எண்ணெய் தடவுவார். உடனே ஏறிவிடும்.

முதல் தடவை சல்லிக் கிராமத்துக்குப் போகிற வழியில், ஆளில்லாத இடத்தில், உச்சி வெயிலில் அது ரிம்மை விட்டுக் கழன்று வெடித்தது. பூரணி உருட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். கதிராமன் முள்ளைத் தேடினார், ரிம்மில் நெளிவு பார்த்தார், உள்ளே ரிம்மில் ஒட்டியிருந்த ஒட்டுநாடாவை உரித்து வேறு ஒட்டினார். குற்றம் ஒன்றும் பிடிபடவில்லை. பூட்டிக் காற்றடித்துச் சைக்கிளைத் தகரக் கூரை வளைமரத்தில் தொங்கவிட்டார்.

மறுநாள் மத்தியானம் எதிர்த் தேத்தண்ணிக் கடையில் அவர் நின்றபோது, கரண்டுக் கம்பியில் இருந்த காகங்கள் எல்லாம் ஒரேயடியாக எழும்பின. அதற்குப் பிறகுதான் வெடித்தது. துறைமுகத்தில் கப்பல் ஊதிக்கொண்டிருந்தபடியால் சென்ரிக்குக் கேட்கவில்லை, நல்ல காலம். போய்ப் பார்த்தால், ஆள் தொடாத சைக்கிளில் டயர் பாதி கழன்று நாக்குப்போலத் தொங்குகிறது. சீமெந்துத் தரையில் வெள்ளைப் பால் சொட்டுச் சொட்டாக விழுகிறது. கடை முழுக்க, விளக்கு வைத்தாற்போல ஒரு மணம்.

அன்று அவர் விளக்கே வைத்திருக்கவில்லை.

கடைக்குப் பின்வீட்டில் நாள் தவறாமல் விளக்கு வைத்துக்கொண்டிருந்தவர் சிவகாமிப்பிள்ளை அம்மா. போன தையில் அவர் செத்துப்போனார். வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்த அம்மாவின் ஆவியோ என்று கதிராமனுக்குப் பட்டது. அந்தச் சைக்கிளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மற்ற நாள் பூரணி வந்தாள். "அண்ணை, இதில ஏதோ இருக்கு. எனக்கும் பயமாத்தான் கிடக்கு. ஆனா சல்லியில ஒரு பிள்ளைத்தாச்சிக்கு வயித்துக்குத்துத் தொடங்கிட்டுதாம். நடந்து போனாப் பிந்திப்போகும்."

பயத்தோடு பூட்டினார். இனிக் கழலக்கூடாதென்று எண்ணெயைத் தாராளமாகவே ஊற்றினார். டயர் சத்தமே போடாமல் வழுக்கி ஏறி உட்கார்ந்தது. "இந்த முறை நல்ல பிள்ளை" என்று அனுப்பிவைத்தார்.

அவள் போனதும் மனம் கேட்காமல், அந்த அம்மாவை நினைத்து ஒரு விளக்கு வைக்கப் போனார். போத்தல் கையில் நிற்காமல் வழுக்கியது. தாவிப் பிடித்தார். பிடித்த விரல்களை முகர்ந்தார். அதே மணம்.

விளக்கு இல்லை, எண்ணெய். ரிம்மில் தடவிய எண்ணெய். டியூப் உள்ள டயர் இத்தனை வருசமும் அதைப் பொறுத்துக்கொண்டது. இது பொறுக்காது. சவர்க்காரத் தண்ணி என்றால் காய்ந்து பிடித்துக்கொள்ளும், எண்ணெய் காயாது. வெயில் வெக்கையில் உள்ளே காற்று பெருக்க, விளிம்பு வழுக்கிக் கழன்றுவிடும். கழலுமுன் காற்றுச் சீறுவது காகங்களுக்குக் கேட்டிருக்கும், தன் மந்தக் காதுக்குக் கேட்கவில்லை.

"அம்மா, நீங்கள் இல்லை. நான்தான்" என்றார் வாய்விட்டு.

வெளியே வந்து பார்த்தார். சென்ரிக்கு முன்னால் சோதனை வரிசையில் வெள்ளை உடுப்போடு பூரணி நிற்கிறாள். சைக்கிள் வெயிலில் நிற்கிறது.

ஓட ஏலாது. இந்த வீதியில் ஓடுகிறவனை ஏன் ஓடுகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. பேர் சொல்லிக் கத்தவும் ஏலாது. ஆணியில் தொங்கிய பழைய டயரை எடுத்தார். தலைக்கு மேலே தூக்கினார். நடுவீதியில் நடந்தார்.

"டயர். டயர்."

ஒருநாளும் அவர் டயரோடு சென்ரியை நோக்கி நடந்ததில்லை. கதவு ஒன்று உள்ளிருந்து சாத்தப்பட்டது. சிப்பாய் கை உயர்த்தவில்லை, துவக்கை உயர்த்தினான். அது தன் நெஞ்சைப் பார்ப்பது தெரிந்தும் அவர் நடந்தார். பூரணி திரும்பினாள். டயரைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள். விளங்கிக்கொண்டாள். அசையாமல் நின்றாள்.

கம்பியிலிருந்த காகங்கள் எழும்பின.

"டயர்" என்றார் கதிராமன் இன்னொரு தரம்.

வெடித்தது. வரிசை முழுவதும் நிலத்தில் விழுந்தது. வெள்ளைப் பால் மணலில் சிதறியது. வேறு சத்தம் ஒன்றும் வரவில்லை. சிப்பாய் சைக்கிளைப் பார்த்தான், பிறகு தலைக்கு மேலே நின்ற டயரைப் பார்த்தான். துவக்கைத் தாழ்த்தி, மெல்ல ஒரு கையை உயர்த்தினான்.

பூரணி எழும்பிக் கிட்ட வந்தாள். "காணும் அண்ணை, போதும். இறக்குங்கோ. நான் நடந்து போறன்."

அவர் கைகள் இறங்கவில்லை. அவள் எட்டி, எண்ணெய் வழுக்கும் அந்த விரல்களை ஒவ்வொன்றாக டயரிலிருந்து பிரித்தெடுத்தாள்.