மேஸ்திரி சொன்ன ஒன்றரை வருஷம்

அந்தச் சக்கர நாற்காலியைப் பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் மூலையில் நிறுத்தி வைத்திருந்தார் டீச்சரம்மா. தாம்பரத்தில், லிஃப்ட் இல்லாத வாடகை வீட்டின் இரண்டாவது மாடி அது. பக்கவாதத்தில் விழுந்த அவர் கணவர் படியிறங்கி ஒரு வருடமாகியிருந்தது. பள்ளிக்கரணையில் எங்கள் கம்பெனி கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடியில் தரைத்தள வீடு ஒன்றை வாங்கியிருந்தார்கள். நான் அங்கே சைட் இன்ஜினியர். சித்திரையில், வரைபடத்தில் கையெழுத்து வாங்கப் போன என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உண்மையைச் சொல்லுங்க சார், எப்ப குடி வரலாம்? இவர வாசல்ல உட்கார வைக்கணும்."

"தை முடியறதுக்குள்ள வந்துடலாம் டீச்சர்" என்றேன். வாய் கூசவே இல்லை.

அந்தத் தை வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். அதற்கு இரண்டு மாதம் முன்பு, மாசியில் வேலை தொடங்கியபோது, பம்மலிலிருந்து வரும் மேஸ்திரியிடம் எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணிவிட்டுச் சொன்னார்: "ஒன்ர வருசம் ஆவும் சார். சதுப்பு பூமி. மழை புட்ச்சிகினா பள்ளத்துல தண்ணி எறைக்கவே மாசம் பூடும். வடநாட்டு ஆளுங்க பண்டிகைக்கு ஊருக்குப் போனா எப்ப வருவாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மேஸ்திரியின் கணக்கில் மூன்று மாதமாவது கொசுறு இருக்கும் என்று இன்ஜினியர் கழிப்பார். இன்ஜினியரும் கொசுறு வைத்திருப்பார் என்று ஆபீஸ் கழிக்கும். நான் பதினைந்து என்று எழுதினேன். நாவலூர் ஆபீஸிலிருந்து பன்னிரண்டாகத் திரும்பி வந்தது. கொடுமை என்னவென்றால், அந்த மனிதர் கொசுறு வைத்துப் பேசுகிறவரே இல்லை. அவரோடு இரண்டு கட்டடம் முடித்திருந்த எனக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்தும் கழித்தேன்.

தை போனது. டீச்சரம்மா போன் செய்யும்போதெல்லாம் "அடுத்த மாசம்" என்றேன். பங்குனியில் கணவர் இறந்துபோனார். குறுகலான படிக்கட்டில் நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினோம். நானும் ஒரு பக்கம் பிடித்திருந்தேன்.

இப்போது நாவலூர் ஆபீஸில் தேதி போடுகிறவன் நான்தான். சைட்டிலிருந்து வரும் கணக்கில் ஒரு நாள்கூடக் கழிப்பதில்லை. சரியான பேஜார் பிடித்த ஆள் என்று விற்பனைப் பிரிவில் என்னைத் திட்டுகிறார்கள். திட்டட்டும். அதனால் மனசு ஆறிவிடவும் இல்லை.

மேஸ்திரி சொன்னபடி அந்த வருஷம் ஆவணியில்தான் சாவி கொடுத்தோம். தனியாக வந்திருந்தார் டீச்சரம்மா. பொறுக்க முடியாமல், ஒன்றரை வருஷம் என்று முதலிலேயே எனக்குத் தெரியும் என்பதைச் சொல்லிவிட்டேன். கோபப்படுவார், நாலு வார்த்தை கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார். தாம்பரத்துல அதே கட்டடத்துல கீழ் வீடு ஒண்ணு வாடகைக்குக் காலியாதான் இருந்துச்சு. பத்து மாசத்துக்கு எதுக்கு மாறணும்னு விட்டுட்டோம்."